மதியத்தில் மட்டும் திரும்பிக்கொள்ளும் ட்ரோன் ஆர்ம்

கேள்வி: சார், தஞ்சாவூர் பக்கத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் ஒர்க்‌ஷாப் பயிற்றுநராக இருக்கிறேன். மாணவர்களோடு சேர்ந்து, வயலுக்கு மருந்தடிக்கும் ட்ரோன் ஒன்றைக் கட்டி, இப்போதைக்குத் தண்ணீர் மட்டும் நிரப்பிச் சோதித்து வருகிறோம். 10 லிட்டர் டேங்க், ஆறு ஆர்ம். 40 மில்லிமீட்டர் கார்பன் ஃபைபர் டியூபின் முனையில், மோட்டார் உட்காரும் அலுமினிய காலரை வெளிப்புறமாகச் செருகி ஒட்டியிருக்கிறோம். ஒரு காலர் கழன்றுவிட்டதால், கடையில் கிடைக்கும், ஐந்து நிமிடத்தில் இறுகும் எபாக்ஸிப் பசை போட்டுத் திரும்ப ஒட்டினேன். மறுநாள் இரண்டு பேர் சேர்ந்து முறுக்கியும் அசையவில்லை. ஆனால் ஏப்ரல் வெயிலில் மூன்று நான்கு முறை பறந்து இறங்கிய பிறகு பார்த்தால் மோட்டார் லேசாகச் சாய்ந்திருக்கிறது. சாயங்காலம் நேராக்கிவிடலாம் என்று பிடித்துத் திருப்பினால் நகரவே மாட்டேன் என்கிறது. கார்பன் ஃபைபர் 1000 டிகிரி தாங்கும் என்கிறார்களே, 40 டிகிரி வெயிலுக்கா இப்படி? ஹீட் கன்னால் சூடு காட்டினால் பசை இன்னும் கெட்டியாகும் என்கிறார் ஒரு நண்பர். சூடு காட்டினால் விட்டுவிடும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி? அப்புறம், காலர்களுக்குப் பவுடர் கோட்டிங் போட நினைக்கிறோம். ஆர்மோடு சேர்த்தே கொடுக்கலாமா?

பதில்:

உங்கள் நண்பர்கள் இருவர் சொல்வதும் சரிதான். எந்தப் பசை, எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், அப்போது மூட்டின் மேல் பாரம் இருந்ததா என்பதைப் பொறுத்து இரண்டும் நடக்கும். விளக்குகிறேன். அதற்கு முன்னால் ஒன்று: அந்த ஆர்மைக் கழற்றிச் சரிசெய்யும்வரை ட்ரோனைப் பறக்கவிடாதீர்கள். டேங்க் நிரம்பிய 10 லிட்டர் ட்ரோன் 20 கிலோவுக்கு மேல் இருக்கும். ஆறு ஆர்ம் இருப்பதால் ஒரு மோட்டார் நின்றாலும் பல நேரம் சமாளித்து இறக்கிவிடலாம் என்பது உண்மை. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் காலரோடு சேர்ந்து திரும்பிவிட்டால் அது சமாளிக்கிற சங்கதி இல்லை. பக்கத்தில் மாணவர்கள் வேறு நிற்பார்கள். இதுவே அரசின் வகைச் சான்றிதழோடு கம்பெனியிலிருந்து வாங்கிய ட்ரோனாக இருந்திருந்தால், "அவர்களிடமே புது ஆர்ம் வாங்கி மாட்டுங்கள்" என்று ஒரு வரியில் முடித்திருப்பேன். கற்பதற்காக நீங்களே கட்டியது என்பதால் முழுக்கதையும் சொல்லலாம்.

1000 டிகிரி என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. கார்பன் இழையைத் தயாரிக்கும்போதே ஆக்சிஜன் இல்லாத உலையில் 1000 டிகிரிக்கு மேல் சுட்டுத்தான் எடுக்கிறார்கள். காற்றில் வைத்துச் சூடாக்கினாலும் 400 டிகிரிக்கு மேல் போனால்தான் அது மெல்ல எரிந்து குறைய ஆரம்பிக்கும். ஆனால் உங்கள் கையில் இருப்பது வெறும் இழை இல்லை, இழையை ரெசின் என்ற பிசினில் தோய்த்து இறுகவைத்த டியூப். அந்த ரெசின், இழையைவிட ரொம்பவே முன்னால் தளர்ந்துவிடும். நல்ல டியூப்களை 120 டிகிரிக்குப் பக்கத்திலோ அதற்கு மேலோ சூடாக்கி இறுகவைப்பார்கள் என்பதால் வெயிலை நினைத்து அவற்றுக்குக் கவலையில்லை. அறைச் சூட்டில் கையால் பூசி இறுகவைத்த டியூப் என்றால் கதை வேறு. எல்லாவற்றுக்கும் கடைசியில், மிகக் குறைந்த சூட்டிலேயே கைவிடுவது, நீங்கள் கடையில் வாங்கிப் போட்ட பசை. மூட்டு எவ்வளவு சூடு தாங்கும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

எபாக்ஸி இறுகிய பிறகு மெழுகைப் போல உருகி ஓடாது. ஆனால் ஒவ்வொரு எபாக்ஸிக்கும் ஒரு வெப்பநிலை உண்டு. அதற்குக் கீழே கண்ணாடிபோல விறைப்பாக இருக்கும், அதைத் தாண்டினால் ரப்பர்போலத் தளர்ந்துவிடும். பாடப்புத்தகத்தில் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை என்று இருக்கும், ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் டிஜி என்றுதான் சொல்வோம். சட்டென்று ஒரு புள்ளியில் நடக்கிற மாற்றமும் இல்லை அது. டிஜி நெருங்க நெருங்க, பத்து இருபது டிகிரி முன்னாலிருந்தே வலு இறங்கத் தொடங்கிவிடும். தொழிற்சாலைகளில் பரவலாகப் புழங்கும் நல்ல இருபகுதி எபாக்ஸிகளிலேயே சில, 23 டிகிரியில் 30 மெகாபாஸ்கல் ஒட்டு வலு காட்டிவிட்டு, 80 டிகிரியைத் தாண்டியதும் அதில் பத்தில் ஒரு பங்குக்கு வந்துவிடுகின்றன. டப்பாவின் மேல் பெரிதாக அச்சடித்திருப்பது முதல் எண். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. அது தரவுத்தாளின் உள்ளே, சின்ன அட்டவணையில் இருக்கும். அந்த அட்டவணையே இல்லாத பசையைப் பாரம் தாங்கும் மூட்டில் நான் போட மாட்டேன்.

ஐந்து நிமிடப் பசை இதில் இன்னும் மோசம். அவ்வளவு வேகமாக இறுக வேண்டும் என்பதற்காகப் போடும் ஹார்டனர், அதாவது பசையை இறுகவைக்கும் இரண்டாம் பகுதி, பெரும்பாலும் மெர்காப்டன் என்ற ரசாயன வகை. அது தரும் மூலக்கூறுப் பின்னல் இயல்பிலேயே இளகலானது, அதன் டிஜி பல நேரம் 40, 50 டிகிரியைத் தாண்டுவதில்லை. கறுப்பு டியூப் ஏப்ரல் வெயிலில் காற்றின் சூட்டோடு நின்றுவிடாது, அசையாமல் கிடந்தால் மேற்பரப்பு 65, 70 டிகிரிக்குப் போகும். மோட்டாரின் சூடு தனி. பறக்கும்போது விசிறிக் காற்று மோட்டாரைக் குளிரவைத்துக்கொண்டே இருக்கும். இறங்கி நின்றதும் காற்று நின்றுவிடும், உள்ளே காயிலில் தேங்கிய சூடு போகிற இடம் தேடி அலுமினிய காலருக்குள் இறங்கும். அதனால் காலர் அதிகம் சூடாவது பறக்கும்போது இல்லை, இறங்கி இரண்டு மூன்று நிமிடம் கழித்து. நீங்கள் அதற்குள் பேட்டரியை மாற்றி மறுபடி கிளப்பிவிடுவீர்கள். மூன்று நான்கு பறப்புக்கு அப்புறம்தான் சாய்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

சாயங்காலம் ஏன் நகர மாட்டேன் என்கிறது? பசை குளிர்ந்து திரும்ப விறைத்துவிட்டது என்பது பாதி பதில். மீதிப் பாதி அலுமினியத்தில் இருக்கிறது. ஒவ்வொரு டிகிரிக்கும் அலுமினியம் தன் அளவில் பத்து லட்சத்தில் 23 பங்கு விரியும். கார்பன் டியூப், நெசவைப் பொறுத்து, ஏறக்குறைய 3 பங்குதான். 28 டிகிரியில் ஒட்டிய 40 மில்லிமீட்டர் மூட்டு 68 டிகிரிக்குப் போனால், காலரின் விட்டம் டியூபைவிட 0.032 மில்லிமீட்டர் கூடுதலாக விரியும், அதாவது சுற்றிலும் 0.016. இது என்ன பெரிய அளவு என்று தோன்றும். பசைப் படலம் 0.2 மில்லிமீட்டர் கனமாக இருந்தால் 8 சதவீத இழுப்பு, நல்ல பசை தாங்கிக்கொள்ளும். ஆனால் காலரை இறுக்கமாகச் செருகி, படலம் 0.05 மில்லிமீட்டர்தான் இருக்கிறதென்றால், அந்தப் படலம் தன் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு இழுபடவேண்டும். எந்த விறைப்பான எபாக்ஸியும் அதைச் செய்யாது, கிழியும். மதியம் காலர் அகல்கிறது, பசையும் தளர்கிறது, மோட்டார் திரும்பிக்கொள்கிறது. மாலையில் காலர் சுருங்கி டியூபைக் கவ்விக்கொள்கிறது. நீங்கள் அப்போது முறுக்கிப் பார்த்தால் உலோகம் இறுக்கிப் பிடிப்பதைத்தான் உணர்கிறீர்கள், ஒட்டின் வலுவை அல்ல.

காலர் டியூபுக்கு உள்ளே செருகியதாக இருந்தால் இது தலைகீழாக நடக்கும். சூட்டில் விரிந்து அழுத்தும், குளிரில் சுருங்கி விலகும். அந்த வகை மூட்டுகள் மார்கழி விடியற்காலையில் படார் என்று விடுவதைப் பார்க்கலாம். டைட்டானியத்தின் விரிவு அலுமினியத்தில் பாதிகூட இல்லை, விமானங்களில் கார்பனோடு அதை இணைக்க விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம். உங்கள் பட்ஜெட்டுக்கு அது வேண்டாம்.

இரண்டு பேர் முறுக்கியும் அசையவில்லை என்ற சோதனையைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் அதை நம்பித்தான் பறக்கவிட்டிருக்கிறீர்கள். காலர் டியூபின் மேல் 40 மில்லிமீட்டர் நீளத்துக்குப் பிடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒட்டிய பரப்பு ஏறக்குறைய 5000 சதுர மில்லிமீட்டர். கையால் 25 நியூட்டன் மீட்டர் முறுக்கு கொடுத்தீர்கள் என்றால், பசையின் மேல் வரும் தகைவு 0.25 மெகாபாஸ்கல். 30 தாங்க வேண்டிய பசை 1 தாங்கினாலும் உங்கள் சோதனையில் பாஸ் ஆகிவிடும். இதையே திருப்பிப் பாருங்கள்: பறக்கும்போது வரும் சின்ன முறுக்குக்கே மூட்டு நழுவுகிறது என்றால், பசை சூட்டில் தளர்ந்தது மட்டும் காரணமாக இருக்குமா என்று எனக்குச் சந்தேகம். இறுக்கமான காலரைச் செருகும்போது அதன் விளிம்பு பசையை வழித்துக்கொண்டு போயிருக்கலாம். முன்னால் ஒரு வளையமாகப் பிதுங்கி நிற்கும், பார்க்க அழகாக இருக்கும், உள்ளே பாதி இடம் காலி.

கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள், மாணவர்களையும் கூட்டி வைத்துப் பாருங்கள், ஒட்டுவேலையில் இதைவிட நல்ல பாடம் கிடையாது. அலுமினியப் பக்கம் பளபளவென்று சுத்தமாக இருந்து, பசை முழுவதும் கார்பன் மேல் தங்கியிருந்தால், பசையின் மேல் பழி போடாதீர்கள், அலுமினியத்தின் மேற்பரப்பைத் தயார்செய்ததில் குறை. கார்பன் பக்கம் சுத்தமாக இருந்தால், டியூப் வார்க்கும்போது அச்சில் ஒட்டாமலிருக்கப் பூசிய ரிலீஸ் மெழுகு அப்படியே இருந்திருக்கும், அல்லது உப்புத்தாள் போடாமல் ஒட்டியிருப்பீர்கள். இரண்டு பக்கமும் பசை பிய்ந்து ஒட்டியிருந்து, ஒரே திசையில் இழுபட்ட வரிகள் தெரிந்தால், அது சூட்டில் தளர்ந்து நழுவியது. பசையே தொடாத வழுவழுப்பான திட்டுகள், பசை குறைந்த இடங்கள். வெள்ளைத் தூள் பூத்திருந்தால் அது அரிப்பு. கார்பன் மின்சாரம் கடத்தும், ஈரமும் உப்பும் சேர்ந்தால் அதைத் தொடும் அலுமினியம் அரிக்கும். இப்போது தண்ணீர் மட்டும் தெளிக்கிறீர்கள், நாளைக்குப் பொட்டாஷ் கரைசல் தெளிக்கும்போது இது வேகமெடுக்கும். 1980களில் லக் எனப்படும் அலுமினிய இணைப்புத் துண்டுகளில் கார்பன் டியூபை ஒட்டிச் செய்த பந்தய சைக்கிள்கள் பல, சில வருடங்களில் மூட்டு மூட்டாகக் கழன்றதற்கு இந்த அரிப்பு ஒரு முக்கியக் காரணம்.

இனி ஹீட் கன் நண்பர்களின் சண்டைக்கு வருவோம். எபாக்ஸி இறுகுவது என்பது மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்துப் பின்னலாவது. பின்னல் அடர்த்தியாக ஆக, டிஜியும் ஏறிக்கொண்டே வரும். ஏறி ஏறி, இறுகவைக்கும் அறையின் சூட்டைக் கொஞ்சம் தாண்டியதும் பசை கண்ணாடிபோல் விறைத்து, மூலக்கூறுகள் நகர முடியாமல் நின்றுவிடும். சேராத கைகள் மிச்சம் இருந்தாலும் சேர வழியில்லை. அதனால் 30 டிகிரி அறையில் ஒட்டிய பசையை எத்தனை நாள் வைத்தாலும் அதன் டிஜி 45, 50, மிஞ்சினால் 55 என்ற அளவிலேயே நிற்கும். அதே பசையை, நன்றாக இறுகிய பிறகு, 60 அல்லது 80 டிகிரியில் சில மணி நேரம் வைத்தால், நின்றுபோன பின்னல் மறுபடி தொடரும், டிஜி 70, 80, சில பசைகளில் அதற்கு மேலும் ஏறும். இதுதான் போஸ்ட் க்யூர். கெட்டியாகும் என்ற நண்பர் சொல்வது இதைத்தான். ஆனால் சூடு ஏறும் அந்தத் தருணத்தில் பசை தன் பழைய டிஜியைத் தாண்டித் தளர்ந்துதான் ஆகவேண்டும். அப்போது மூட்டின் மேல் பாரம் இருந்தால் நழுவும். விட்டுவிடும் என்ற நண்பர் சொல்வது அதை. மோட்டாரின் எடையோடு, மூட்டை நேராகப் பிடித்து வைக்கும் ஜிக் எதுவும் இல்லாமல் சூடாக்கினால் அவர் ஜெயிப்பார். ஐந்து நிமிடப் பசையை எவ்வளவு சூடாக்கினாலும் பெரிதாக ஏறாது, அந்த ரசாயனத்தால் அவ்வளவுதான் முடியும்.

ஹீட் கன்னை மட்டும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அதன் வாயிலிருந்து வரும் காற்று 400, 500 டிகிரி. ஒரு பக்கம் பொசுங்கும்போது மறுபக்கம் 40 டிகிரியில் இருக்கும். கார்பன் டியூப் குறுக்குவாட்டில் சூட்டை நன்றாகக் கடத்தாது, மேல் அடுக்கு கொப்பளித்த பிறகுதான் உங்களுக்குத் தெரியும். பலர் லேசர் புள்ளி விழும் தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு "60தான் காட்டியது" என்பார்கள். பளபளப்பான அலுமினியத்தில் அந்தக் கருவி உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். மேலே ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, அந்த டேப்பைக் குறிவைத்துப் பார்த்தால் கிட்டத்தட்டச் சரியான சூடு வரும். அதைவிட நல்லது, சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் கம்பி ஒன்றைக் காலரிலேயே ஒட்டிவிடுவது. ஓவனுக்குப் பெரிய செலவு வேண்டாம், தெர்மாகோல் இல்லாத, நல்ல காப்பு கொடுத்த ஒரு பெட்டி, ஹீட்டர், சின்ன விசிறி, ஒரு டெம்பரேச்சர் கன்ட்ரோலர் போதும். உங்கள் எலெக்ட்ரிகல் துறை மாணவர்கள் ஒரு வாரத்தில் கட்டிவிடுவார்கள். சமைக்கிற ஓவன் வேண்டவே வேண்டாம்.

கழற்றுவதற்குச் சூடு நல்ல உதவி. அலுமினியத்தை மட்டும், காலரின் வெளிப்புறமாக, 80லிருந்து 100 டிகிரி வரை மெல்லச் சூடாக்கி முறுக்கினால், காலர் விரிந்திருக்கும், பசையும் தளர்ந்திருக்கும், வந்துவிடும். தீ காட்டாதீர்கள். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வையுங்கள். கழற்றிய டியூபை நாணயத்தால் தட்டிக்கொண்டே வாருங்கள். எங்காவது 'டிங்' சத்தம் மந்தமாகக் கேட்டால் அங்கே அடுக்கு பிரிந்திருக்கிறது, அந்தத் துண்டை வெட்டி எறியுங்கள்.

புதிதாக ஒட்டும்போது முதலில் காலரின் உள்விட்டத்தைக் கடைந்து, ஒவ்வொரு பக்கமும் 0.2 மில்லிமீட்டர் இடைவெளி வரும்படி செய்யுங்கள். காலர் ஒரு பக்கமாகச் சாயாமல் நடுவில் நிற்க, 0.2 மில்லிமீட்டர் தூண்டில் நரம்பை நான்கு துண்டு நீளவாக்கில் வைத்தால் போதும். அரிப்பைத் தடுக்க, காலர் வரும் இடத்தில் டியூபின் மேல் மெல்லிய கண்ணாடி இழைத் துணி ஒரு சுற்று சுற்றி ரெசினில் இறுகவையுங்கள், கார்பனும் அலுமினியமும் நேரடியாகத் தொடாது. அந்தத் துணியின் கனத்தையும் கணக்கில் சேர்த்துக் கடையுங்கள். கார்பன் பக்கத்தை முதலில் அசிட்டோனால் துடைத்து, பிறகு 220 நம்பர் தாளால் பளபளப்பு போகும்வரை தேய்த்து, மறுபடி துடையுங்கள். இழை தெரியும்வரை தேய்க்கக் கூடாது. ஈரத்தாளில் தேய்த்தால் தூசி பறக்காது, அப்போதும் முகக்கவசம் போடுங்கள். காலரின் உள்முகத்தையும் இதேபோலத் துடைத்துத் தேயுங்கள். தேய்த்த அலுமினியத்தின் மேல் தண்ணீர் விட்டால் துளித்துளியாகத் திரளாமல் ஒரே படலமாகப் பரவ வேண்டும். பரவினால் சுத்தம். உலர்த்தி, அரை மணி நேரத்துக்குள் ஒட்டிவிடுங்கள், அலுமினியத்தின் மேல் ஆக்சைடு வளர்ந்துகொண்டே இருக்கும்.

பசையைக் கலப்பதில் வெயில் இன்னொரு விளையாட்டு காட்டும். டப்பாவில் போட்டிருக்கும் வேலை நேரம் 23, 25 டிகிரிக்கானது. பத்து டிகிரி ஏறினால் ஏறக்குறைய பாதியாகிவிடும். தகரக் கூரை ஒர்க்‌ஷாப்பில் 38 டிகிரியில், 100 கிராமைக் கோப்பையிலேயே வைத்திருந்தால் பசை தன் சூட்டிலேயே தன்னைச் சூடேற்றிக்கொண்டு, புகைந்து கெட்டியாகிவிடும். கொஞ்சமாகக் கலந்து, தட்டில் மெல்லப் பரப்பி வையுங்கள். ஏசி அறையில் குளிர்ந்த காலரை வெளியே கொண்டுவந்து உடனே ஒட்டாதீர்கள், கண்ணுக்குத் தெரியாமல் பனித்திருக்கும். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டிப் போடும் பழக்கம் நம் ஊரில் நிறைய பேருக்கு உண்டு. எபாக்ஸியில் அது வேலைக்கு ஆகாது. மிச்சமாகும் ஹார்டனர் பின்னலுக்குள் சேராமல் கிடந்து டிஜியைக் குறைக்கும். தராசில் கிராம் கணக்காக நிறுத்துக் கலக்க வேண்டும்.

ஒட்டியதை ஜிக்கில் நேராகப் பிடித்து ஒரு நாள் முழுக்க அறைச் சூட்டிலேயே விடுங்கள். பிறகு ஜிக்கைக் கழற்றாமல் பெட்டிக்குள் வைத்து 40 டிகிரியில் ஒரு மணி நேரம், 60ல் இரண்டு மணி நேரம், பசையின் தரவுத்தாள் அனுமதித்தால் 80ல் இரண்டு மூன்று மணி நேரம் என்று படிப்படியாக ஏற்றுங்கள். அணைத்ததும் கதவைத் திறக்காமல் உள்ளேயே ஆறவிடுங்கள். உங்கள் டியூப் எந்த ரெசின் என்று தெரியாவிட்டால், முதலில் ஒரு வெட்டுத்துண்டை 80 டிகிரியில் வைத்து, அந்தச் சூட்டிலேயே வளைத்துப் பாருங்கள். கொழகொழப்பு தெரிந்தால் 60ஐத் தாண்டாதீர்கள். கலந்த தட்டில் மிஞ்சிய பசையைத் தூக்கி எறியாமல், ஒரு பட்டையாக ஊற்றி, மூட்டோடு சேர்த்தே பெட்டியில் வையுங்கள். பின்னால் அந்தப் பட்டையை 70 டிகிரி வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்து வளைத்துப் பார்த்தால், டிஜி வெயிலைத் தாண்டியிருக்கிறதா இல்லையா என்பது ஆய்வுக்கூடம் போகாமலே தெரிந்துவிடும்.

ஈரத்தையும் மறக்கக் கூடாது. எபாக்ஸி மெல்ல மெல்லத் தண்ணீரை உறிஞ்சும், உறிஞ்சிய எபாக்ஸியின் டிஜி 10, 20 டிகிரி இறங்குவது சாதாரணம். விமானத் துறையில் சூடும் ஈரமும் சேர்ந்த நிலையில்தான் சோதிப்பார்கள். ஆகவே 70 டிகிரி வரும் இடத்துக்கு 72 டிகிரி டிஜி போதாது, 90ஐ நோக்கிப் போங்கள். இன்னொரு பக்கம், சூட்டையே வரவிடாமல் செய்வது எல்லாவற்றிலும் மலிவு. இன்ஜின் இல்லாமல் மிதக்கும் கிளைடர் விமானங்கள் ஏன் எல்லாமே வெள்ளையாக இருக்கின்றன என்று யோசித்திருக்கிறீர்களா? மிதமான சூட்டில் இறுகும் ரெசின்களில் செய்வதால் அவற்றின் டிஜி குறைவு. இறக்கையை 54 டிகிரிக்குச் சூடாக்கிப் பாரமேற்றிச் சோதிக்கும் வழக்கமே உண்டு, வெள்ளை நிறம் வெயிலில் அந்த எல்லைக்குள் வைத்திருக்கும். உங்கள் ஆர்ம்களுக்கும் வெள்ளைப் பெயின்ட் அடியுங்கள், கார்பன் நெசவு தெரியாமல் போகிறதே என்று மாணவர்கள் முனகுவார்கள். இறங்கியதும் நிழலில் வைத்து, மோட்டார் ஆறும்வரை விசிறிகளை மெதுவாக ஓடவிடுங்கள், யாரையும் கிட்டே விடாமல்.

பவுடர் கோட்டிங்: ஆர்மோடு சேர்த்துக் கொடுக்கவே கூடாது. அந்த ஓவன் 180லிருந்து 200 டிகிரி. இந்த மூட்டில் நீங்கள் போடும் பசை எதுவும் மிஞ்சாது, டியூபும் கெடும். காலரைத் தனியாக, ஒட்டும் உள்முகத்தை மறைத்து, கோட்டிங் போட்டு வாங்கிய பிறகு ஒட்டுங்கள்.

பாரம் தொடர்ந்து இருக்கும் இடத்தில் வேகமாக இறுகும் எபாக்ஸியை ஏன் இவ்வளவு வெறுக்கிறேன் என்று கேட்பீர்கள். 2006 ஜூலையில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு சுரங்கச் சாலையின் கூரைப் பலகைகள் ஒரு காரின் மேல் விழுந்து ஒரு பெண் இறந்தார். பலகைகளைத் தாங்கிய போல்ட்டுகள் வேகமாக இறுகும் வகை எபாக்ஸியால் கான்கிரீட்டில் பொருத்தப்பட்டிருந்தன. அது குறுகிய நேரச் சோதனையில் நன்றாகவே தாங்கும், நீடித்த பாரத்தில் மட்டும் ஊர்ந்து நகர்ந்துகொண்டே இருக்கும் என்று விசாரணையில் தெரியவந்தது. அங்கே வெயில்கூட இல்லை. சூடு சேர்ந்தால் மாதங்களில் நடக்க வேண்டிய ஊர்தல் ஒரு மதியத்தில் நடக்கும்.

ஒட்டை மட்டும் நம்பி விடுவதும் எனக்கு உடன்பாடில்லை. உள்ளே காற்று இடைவெளி இருந்தால் ஒலி அலையால் சோதிக்கும் அல்ட்ராசோனிக் கருவி காட்டிக்கொடுக்கும். பசை தொட்டுக்கொண்டு, ஆனால் பிடிக்காமல் இருந்தால் அதைக் காட்டும் கருவி இன்னும் நம்பகமாக வரவில்லை. அதனால்தான் விமானங்களில் ஒட்டு விட்டுப்போனாலும் தாங்கும்படி வடிவமைக்கிறார்கள், அல்லது ஒவ்வொரு உருப்படியையும் பாரமேற்றிச் சோதிக்கிறார்கள். நீங்கள் இரண்டையும் செய்யலாம். இறுகிய பிறகு காலரையும் டியூபையும் ஊடுருவி ஒரு 4 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் போல்ட், துளையின் உள்சுவரில் எபாக்ஸி பூசிச் செருகுங்கள். டியூபின் உள்ளே ஒரு நைலான் கட்டை இருந்தால் போல்ட்டை இறுக்கும்போது டியூப் நசுங்காது. துளையிடுவதால் டியூபின் வலு கொஞ்சம் குறையும், அதற்குத் தயாராக இருங்கள்.

சோதனைக்கு: டியூபுக்குள் மரக்கட்டை செருகி, மர வி-பிளாக்கில் (V வடிவப் பள்ளம் வெட்டிய கட்டையில்) பிடித்து, போல்ட் போடுவதற்கு முன்னால், காலரை 70 டிகிரியில் வைத்துக்கொண்டு, அரை மீட்டர் நீளக் கம்பியின் முனையில் 10 கிலோ எடையைத் தொங்கவிடுங்கள். ஏறக்குறைய 49 நியூட்டன் மீட்டர் வரும். ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள். அதற்கு முன்பே டியூபிலிருந்து காலர் வரை பெயின்ட் மார்க்கரால் ஒரு மெல்லிய கோடு இழுத்து வைத்திருங்கள். கோடு மயிரிழை விலகியிருந்தாலும் அந்த மூட்டு தேறவில்லை. கழன்ற ஒன்றை மட்டும் இல்லாமல் ஆறு மூட்டையும் இப்படிச் சோதியுங்கள், மற்ற ஐந்தும் அதே இறுக்கமான காலரில்தானே ஒட்டியிருக்கிறீர்கள்.

தேறிய பிறகும் அந்தக் கோட்டை அழிக்க வேண்டாம். ஒவ்வொரு முறை இறங்கியதும் ஒரு மாணவர் ஆறு கோட்டையும் பார்த்துக் குறித்து வைக்கட்டும். பறப்புப் பதிவையும் பாருங்கள்: வலமாகச் சுற்றும் மூன்று மோட்டார்களும் இடமாகச் சுற்றும் மூன்றும் நிலையாக மிதக்கும்போது ஏறக்குறைய ஒரே அளவு த்ராட்டில், அதாவது மோட்டாருக்குப் போகும் சக்தி, எடுக்க வேண்டும். மதியம் ஆக ஆக ஒரு கூட்டம் மட்டும் அதிகம் எடுத்தால், கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே எங்கோ ஒரு மோட்டார் சாயத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். கோடு விலகினால் அன்றைய பறப்பை நிறுத்தி, காலரைக் கழற்றி, இரண்டு முகங்களையும் வெளிச்சத்தில் படமெடுத்து, பசையின் பெயரோடும் இறுகவைத்த சூட்டோடும் எனக்கு எழுதுங்கள்.